மச்சான் பிடிக்கும் கயிறு

நெடுங்காலத்துக்கு முன்பு, அரசர்களுக்கு அறிவைவிட இரக்கம் அதிகமாக இருந்த நாளில், குவளைநாடு என்றொரு நாடு இருந்தது. அதன் மேற்கே தேன்மலை. ஒரு வருடம் அந்த மலையில் காய்ச்சல் பரவியது. அரசன் இரக்கப்பட்டான். இரக்கப்படும்போது அவன் யாரையும் கேட்பதில்லை. மலைப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு வரச் செய்து, அன்பு இல்லம் என்ற மாளிகையில் வைத்து, அருளாளர் என்ற மந்திரவாதியைப் பொறுப்பாக்கினான்.

மந்திரவாதி என்றதும் நீண்ட நகத்தையும் சிவந்த கண்ணையும் நினைத்துக்கொள்ளாதீர்கள். அருளாளருக்குப் பஞ்சு போன்ற குரல். ஒவ்வொரு பிள்ளையையும் மடியில் அமர்த்தித் தம் கையாலேயே காலணி மாட்டிவிடுவார். அந்தக் காலணியைக் கழற்ற முடியாது. கால் வளர வளர அதுவும் வளரும். அணிந்தவர் எந்தத் திசையில் நடந்தாலும், சூரியன் உச்சிக்கு வந்ததும் கால்கள் தாமாகத் திரும்பி இல்லத்தை நோக்கி நடந்துவிடும்.

பன்னிரண்டு வருடங்கள் போயின. அரசனுக்கு மனம் சற்று உறுத்தியது. பதினேழு வயது நிரம்பிய பிள்ளையை மூன்று முறை மலைக்கு அழைத்துப் போகலாம் என்று ஆணையிட்டான். மூன்று முறையும் திரும்பி வந்துவிட்டால், அந்தப் பிள்ளை ஆயுள் முழுதும் இல்லத்து ஊழியன்.

அழைத்துப் போகும் வேலை தில்லைவடிவு என்ற பெண்ணுக்கு வாய்த்தது. நாற்பது வயது, தேய்ந்த குதிகால், எதையும் பூசி மெழுகத் தெரியாத நாக்கு. அவள் அழைத்துப் போன பிள்ளைகள் எல்லாரும் திரும்பி வந்திருந்தார்கள். மலை ஏறிய களைப்பைவிட, பலனில்லாமல் இறங்கிய களைப்பு அவளுக்கு அதிகம்.

இப்போது அவள் பொறுப்பில் இருந்தவன் பெள்ளன். இல்லத்தில் வைத்த பெயர் குணசீலன். மலைப் பேச்சு ஒரு சொல்கூட அவனுக்கு நினைவில்லை. இல்லத்து ஏட்டில் அவனைப் பற்றி இரண்டே வரிகள்: தந்தை இறந்தார், தாய் இறந்தார்.

முதல் முறை, விடியலில் புறப்பட்டு, அவன் தந்தையின் குடிசை இருந்த இடத்துக்கு அவனை அழைத்துப் போனாள். அங்கே புல் முளைத்திருந்தது. உச்சிவேளையில் கால்கள் திரும்பின. இல்லத்து வாசலில் நின்ற அருளாளர், “யாருமில்லாத பிள்ளை, இங்கேயே நன்றாக இருக்கட்டும்” என்றார்.

இரண்டாம் முறை, தாயைப் புதைத்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். அங்கே ஒரு கல் இருந்தது. உச்சிவேளையில் கால்கள் திரும்பின. “யாருமில்லாத பிள்ளை, இங்கேயே நன்றாக இருக்கட்டும்” என்றார் அருளாளர், இன்னும் கனிவாக.

மூன்றாம் முறை எங்கே போவதென்று தில்லைவடிவுக்குத் தெரியவில்லை. கால் போன போக்கில் ஏறி, ஒரு சுனையருகே பாறையில் உட்கார்ந்துவிட்டாள். இனி எழுந்திருக்கத் தன்னால் ஆகாது என்று பெள்ளனிடம் உள்ளபடியே சொன்னாள். தானும் ஊழியனாக இருக்கப் பழகிக்கொள்வதாக அவன் சொன்னான். அவளைத் தேற்றத்தான் அப்படிச் சொன்னான். அவளுக்கோ அழுகை வந்தது.

அங்கே ஒருத்தி கொடி நாரை முறுக்கிக் கயிறு திரித்துக்கொண்டிருந்தாள். பெயர் கேத்தி. பெள்ளனின் காதுகளையே பார்த்தவள் மலைப் பேச்சில் ஏதோ கேட்டாள். அவன் விழித்தான். உடனே சந்தையில் பழகிய சமவெளிப் பேச்சில், அவன் இடது தோளில் தீத்தழும்பு உண்டா என்றாள். சட்டையை விலக்கிக் காட்டினான்.

கேத்தி அவனுடைய அக்காள். பிள்ளைகளை அள்ளிய நாளில் அவள் அடுத்த மலையில், கணவன் வீட்டில் இருந்தாள். பிறகு மூன்று முறை இல்லத்துக்கு வந்திருக்கிறாள். தாயா, தந்தையா என்று கேட்டிருக்கிறார்கள். அக்காள் என்றதும், ஏட்டில் அதற்கு இடமில்லை என்று கதவைச் சாத்தியிருக்கிறார்கள். தில்லைவடிவு தலை குனிந்துகொண்டாள். அவளும் இதுவரை ஏட்டில் இருந்த கேள்வியை மட்டுமே கேட்டிருந்தாள்.

அதற்குள் கேத்தியின் கணவன் காளன், இந்தப் பேச்சைக் கேட்டபடியே வந்துவிட்டான்.

“வாங்க மச்சான். தேனெடுக்கக் கூப்பிட்டா பன்னிரண்டு வருஷம் கழிச்சா வர்றது? அங்க சாப்பாடு அவ்வளவு ருசியோ?”

விளையாட்டுப் பேச்சுக்குள் உண்மை இருந்தது. அந்த மலையில் தேனெடுக்க இறங்குகிறவனின் கயிற்றை அவன் மனைவியின் உடன்பிறந்தான் ஒருவனே பிடிக்க வேண்டும். அக்காள் தாலியறுக்க எந்தத் தம்பியும் கயிற்றை விடமாட்டான் என்பது அவர்கள் கணக்கு. கேத்திக்கு வேறு உடன்பிறப்பு இல்லை. ஆகவே சின்னத் தம்பி வளர்ந்து வந்து பிடிக்கட்டும் என்று, பன்னிரண்டு வருடங்களாகக் காளன் பாறையில் இறங்கவே இல்லை. வேறொருவரைப் பிடிக்கச் சொல்வது, பெள்ளன் இனி இல்லை என்று ஒப்புக்கொள்வதாகும். அதைவிடக் கிழங்கு தின்று வாழலாம் என்று இருவரும் இருந்துவிட்டார்கள்.

காளன் கயிற்றை எடுத்தான். தில்லைவடிவு காலணியின் மாயத்தை எடுத்துச் சொல்லி, உச்சிவேளைக்கு அதிக நேரமில்லை என்று எச்சரித்தாள்.

“கால் போனாப் போகட்டும்மா,” என்றான் காளன். “கயிறு கையிலதானே இருக்கு?”

கயிற்றைப் பாறை முனையில் ஒரு சுற்றுச் சுற்றி, நுனியைப் பெள்ளனிடம் கொடுத்துவிட்டு இறங்கினான். தேனடையை அவன் அறுத்துக்கொண்டிருந்தபோது சூரியன் உச்சிக்கு வந்தது.

கால்கள் திரும்பின. ஒரு பக்கம் காலணி இழுத்தது. மறுபக்கம் மனிதனின் பாரம் இழுத்தது. பெள்ளனின் உள்ளங்கையில் தோல் உரிந்தது. தில்லைவடிவு கயிற்றைப் பிடிக்க ஓடினாள். கேத்தி குறுக்கே நின்றாள். தொங்குவது அவள் கணவன். அவள் முகம் வெளுத்திருந்தது.

“தொடாதீங்கம்மா. அவன் பிடிப்பான்.”

பெள்ளன் தரையில் விழுந்தான், கயிற்றை விடவில்லை. முழங்கால் சிராய்த்தது, விடவில்லை. தோள் மூட்டு நெரிந்தது, விடவில்லை. முதலில் இடக்காலணியின் வார் அறுந்தது. பிறகு வலக்காலணியின் வார் அறுந்தது. பன்னிரண்டு வருடம் வெயில் காணாத வெளுத்த பாதங்கள் சுடுபாறையில் ஊன்றின. காளன் மேலே வந்து சேர்ந்தான். இடுப்பில் தேனடை, கன்னத்தில் ஏழெட்டுக் கொட்டு.

மாயம் அறுந்ததும் எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டதாக நான் சொல்லமாட்டேன். ஒன்றும் வரவில்லை. தேனுக்கு மலைப் பேச்சில் என்ன பெயர் என்று பெள்ளன் கேட்டான். கேத்தி சொன்னாள். அவன் தப்பாகச் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். மறுபடியும் சொன்னாள்.

காலணிகள் மட்டும் தனியே இறங்கிப்போய் இல்லத்து வாசலில் நின்றன. அருளாளர் வழக்கம்போல், “யாருமில்லாத பிள்ளை” என்று தொடங்கினார். குனிந்து பார்த்தார். அத்தோடு அவருடைய பஞ்சுக் குரல் அடைத்துப்போயிற்று. குரல் போனால் மந்திரம் எங்கிருந்து வரும்? அன்றுமுதல் அவர் மாட்டிய காலணி எதுவும் காலில் தங்கவில்லை. ஏற்கெனவே மாட்டியவை தங்கியே இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகத்தான் அறுக்க வேண்டியிருந்தது.

தில்லைவடிவுக்குக் கிடைத்த பரிசு இது: கேத்தி அவள் கால்களைக் கழுவி, குடிசைக்குள் பாய் விரித்து, யாரும் எழுப்பக் கூடாதென்று வாசலில் காவலிருந்தாள். ஒரு பகலும் ஓர் இரவும் அவள் தூங்கினாள். அப்படி ஒரு தூக்கத்தை எந்த அரசனும் அவளுக்குக் கொடுத்ததில்லை.

எழுந்ததும் அடுத்த பிள்ளைக்காக மலையிறங்கினாள். வழியில் எதிர்ப்பட்ட ஒவ்வொரு குடிசையிலும் நின்று, யாருடைய பிள்ளை என்று கேட்காமல், வேறொன்றைக் கேட்டாள்:

“ஆள் வராததால உங்க வீட்டுல எந்த வேலை நின்னு கிடக்கு?”