கியர் போடாமலே ஓடுகிற சொக்கையா கார்

சந்தையில் புத்தி விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஊரே வண்டி கட்டிக்கொண்டு போய், "நம்மகிட்ட இல்லாததா? இதுக்குப் போய் இம்புட்டு விலையா?" என்று வெறுங்கையோடு திரும்பிய ஊர் ஒன்று உண்டு. மட்டிப்பட்டி என்று பெயர். அந்த ஊரிலேயே விவரமான ஆள் என்று பெயரெடுத்தவர் சொக்கையா. மற்றவர்கள் எப்படி இருப்பார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

மதுரையில் வயதான டாக்டர் ஒருவர் தன் பழைய காரை விற்றார். அதைத்தான் நம் ஆள் வாங்கிக்கொண்டு வந்தார். ஆட்டோமேட்டிக் கியர் வண்டி. கிளட்ச் மிதிக்க வேண்டாம், கியர் மாற்ற வேண்டாம். கம்பியை 'டி' என்ற எழுத்துக்குத் தள்ளினால் முன்னால் போகும், 'ஆர்' என்ற எழுத்துக்குத் தள்ளினால் பின்னால் போகும். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டது என்பார்களே, அது இதுதான்.

"மச்சான், மூணு மிதி இருக்கணும். ரெண்டுதான் இருக்கு. டாக்டரு ஒண்ணைக் கழட்டிக்கிட்டாரு" என்றான் தவசி. இவன் சொக்கையாவின் மனைவிக்குத் தம்பி, தொழிலுக்குக் கொத்தனார்.

"அட கூறுகெட்டவனே, அவரு டாக்டருடா! இடது காலுக்கு ஓய்வு வேணும்னு காரணமாத்தான் எடுத்திருப்பாரு" என்றார் சொக்கையா. அன்றிலிருந்து நடக்கும்போதும் இடது காலுக்கு ஓய்வு கொடுத்து, நொண்டிக்கொண்டே திரிந்தார்.

கொஞ்ச நாளில் கார் நின்ற இடத்தில் சிவப்புச் சிவப்பாகச் சொட்டியது. கியர் பெட்டியின் எண்ணெய் சிவப்பாக இருக்கும், பழைய வண்டியில் அது ஒழுகும். உலகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மட்டிப்பட்டியில் யாரும் யாரையும் கேட்பதில்லை.

குனிந்து பார்த்தான் இஸ்திரிக்கார வீரணன். "வெத்தலை போட்டுத் துப்புது. பெரிய இடத்து வண்டியில்ல, பழக்கம் விடுமா?" என்றான்.

சொக்கையாவுக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டில் எச்சில் துப்ப வைத்திருந்த பித்தளைப் படிக்கத்தை எடுத்துவந்து காருக்கு அடியில் வைத்தார். கார் துப்பத் துப்ப, ரொம்பினதைச் சாக்கடையில் கொட்டிவிட்டு மறுபடி வைத்தார். மருமகனுக்குக்கூட இந்த உபசாரம் கிடைத்திருக்காது.

மருமகன் என்றதும் சொல்லிவிடுகிறேன். சொக்கையாவின் ஒரே மகள் வள்ளிமயிலுக்குப் பக்கத்து ஊர் ஒச்சப்பன் மகன் பால்ச்சாமியை நிச்சயம் செய்திருந்தார்கள். அந்தக் காருக்காகத்தான் இந்தச் சம்பந்தமே. "கியர் போடாம ஓடுற கார்ல எம்மகன் கோயில்லேர்ந்து மண்டபத்துக்கு வரணும். பொண்டாட்டியோட அதே கார்ல எங்க ஊருக்குக் கிளம்பணும். கார் ஓடலைன்னா கல்யாணம் இல்லை" என்று ஒச்சப்பன் நாலு பேர் முன்னால் அடித்துச் சொல்லியிருந்தார். கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது கார் முன்னால் போகமாட்டேன் என்றது. 'டி'யில் போட்டால் உறுமுகிறது, நகரவில்லை. 'ஆர்'ல் போட்டால் மட்டும் பின்னால் போகிறது. மகளைப் பார்க்கும்போதெல்லாம் சொக்கையாவுக்கு அழுகை அழுகையாக வந்தது.

மதுரை மெக்கானிக் காதர் பாய்க்குப் போன் போட்டார்கள்.

"எண்ணெய் கின்னெய் ஒழுகுதாண்ணே?" என்றார் பாய்.

"ஒழுகல பாய். வெத்தலை எச்சில்தான், அதுவும் இப்ப நின்னுபோச்சு."

பாய் பொறுமையாகச் சொன்னார். "வண்டியை மட்டமான தரையில நிறுத்துங்க. எஞ்சின் சூடா இருக்கணும். பானெட்டுக்குள்ள எண்ணெய் அளக்குற குச்சி ஒண்ணு இருக்கும். அதை உருவி, தொடைச்சுப் பாருங்க. எண்ணெய் இல்லைன்னா கடையில செகப்பு எண்ணெய் டின் வாங்கி ஊத்துங்க. கருகல் வாசனை அடிக்குதான்னும் பாருங்க."

நல்ல மனுஷன். எந்த ஊருக்குச் சொல்கிறோம் என்றுதான் தெரியாமல் சொல்லிவிட்டார்.

தவசி, தரை மட்டம் பார்க்கிற ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகக் கிளம்பினான். வீடு வீடாகத் தரையில் வைத்துப் பார்த்தான். எல்லாம் அவன் போட்ட தரை, எங்கே மட்டமாக இருக்கும்? கடைசியில் கல்யாண மண்டபத்துத் தரைதான் தேறியது. அது முன்பு பஞ்சு மூட்டை அடுக்கிவைக்கிற கிட்டங்கியாக இருந்த கட்டடம். லாரி நுழைகிற கதவு, வாசற்படி கிடையாது, வெளியூர் ஆள் போட்ட தரை. காரை 'ஆர்'ல் போட்டுப் பின்னாலேயே ஓட்டிவந்து மண்டபத்துக்குள் நிறுத்தினார்கள். கார் வாசலைப் பார்த்து நின்றது.

"அடுத்து, எஞ்சின் சூடாகணும்" என்றார் சொக்கையா.

"ஸ்டார்ட் பண்ணி விட்டா தன்னால சூடாகும்ல?" என்று யாரோ கூட்டத்தில் கேட்டார்கள். அவர் வெளியூரில் வாக்கப்பட்ட ஆளாக இருக்க வேண்டும்.

"பெட்ரோலை எரிக்கச் சொல்றியா? உன் காசா? வீரணா, பெட்டியை எடுத்துட்டு வா!"

வீரணன் இஸ்திரிப் பெட்டியில் கரி போட்டு, ஊதி, தண்ணீர் தெளித்து, காரின் பானெட்டை ஒரு சுருக்கம் இல்லாமல் தேய்த்தான். பெயின்ட் கொப்புளித்துப் புகைந்தது. மண்டபமே நாறியது.

"கருகல் வாசனை வருதா?" என்று கேட்டார் சொக்கையா.

"பிரமாதமா வருது" என்றான் வீரணன், இருமிக்கொண்டே.

பிறகு குச்சியை உருவினார்கள். பாய் சொன்னபடி பழைய துணியால் நன்றாகத் துடைத்தார்கள். துடைத்துவிட்டுப் பார்த்தார்கள். பொட்டு எண்ணெய் இல்லை.

"காய்ஞ்சு கெடக்கு மச்சான்! ஊத்துங்க!"

ஒரு டின் ஊற்றினார்கள். குச்சியை விட்டு, உருவி, துடைத்து, பார்த்தார்கள். எண்ணெய் இல்லை. இன்னொரு டின். உருவி, துடைத்து, பார்த்தார்கள். சுத்தமாக இருந்தது.

"எங்கடா போகுது இம்புட்டும்?" சொக்கையா காலி டின்னைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார்.

"குடிக்குது. இத்தனை நாள் வெத்தலை போட்ட வாய், தாகம் இருக்கும்ல?" என்றான் தவசி.

கடைத்தெருவில் இருந்த டின் எல்லாம் தீர்ந்தது. கியர் பெட்டி வழிந்து, மண்டபத்துத் தரை முழுக்கச் சிவப்பாக ஓடியது. அதில் வழுக்கி விழுந்த வீரணன் எழுந்திருக்காமலே குச்சியைத் துடைத்துக் காட்டினான். அப்போதும் எண்ணெய் இல்லை. துடைக்காமல் பார்த்தால் என்ன என்று ஒருத்தனுக்காவது தோன்றியதா? தோன்றினால் அவன் மட்டிப்பட்டிக்காரனா?

மறுபடி பாய்க்குப் போன்.

"கருகல் வாசனை அடிச்சுதா?"

"ஊரே இருமுது பாய்."

"அப்ப உள்ள முன்னால தள்ளுற கிளட்ச் கருகிப்போச்சு. ரிவர்ஸ் மட்டும் தப்பிச்சிருக்கு. பெட்டியைக் கழட்டணும், வண்டியை இங்க கொண்டாந்துருங்க. ஒரு மாசம் ஆகும்" என்று பாய் போனை வைத்துவிட்டார்.

சொக்கையா மணவறை ஓரத்தில் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். "எம்புள்ள வாழ்க்கை போச்சே! ஒத்தப் பொண்ணுடா எனக்கு!" என்று வாய்விட்டு அழுதார். இந்த இடத்தில் மட்டும் எனக்கே அவரைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

தவசி ரசமட்டத்தை நெற்றியில் வைத்துக்கொண்டு யோசித்தான். "மச்சான், கார் ஓடணும்னுதான சம்பந்தி சொன்னாரு? எந்தப் பக்கம் ஓடணும்னு சொன்னாரா?"

சொக்கையா கண்ணைத் துடைத்தார். "சொல்லல."

"பிறகென்ன?"

முகூர்த்த நாள் காலையில் ஊரே சேர்ந்து காரைத் தள்ளிக்கொண்டு போய், தெருக் கோடியில் இருந்த பிள்ளையார் கோயிலில் நிறுத்தியது. தள்ளியே போகலாம் என்றால் இந்தக் கூத்தெல்லாம் எதற்கு என்று என்னைக் கேட்காதீர்கள். கார் மூஞ்சி கோயிலைப் பார்த்தபடி, முதுகு மண்டபத்தைப் பார்த்தபடி நின்றது. மாப்பிள்ளை பால்ச்சாமி மாலையோடு ஏறி உட்கார்ந்தான். சொக்கையா 'ஆர்'ல் தள்ளினார். கார் பின்னாலேயே மண்டபத்தை நோக்கி ஊர்ந்தது. மகன் போய்ச் சேருவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வருவேன் என்று ஒச்சப்பன் தன் ஆட்களோடு கோயில் வாசலிலேயே நின்றுகொண்டார்.

மண்டபத்து வாசலில் ஆரத்தித் தட்டோடு சொக்கையாவின் மனைவி பேச்சியம்மாள். காரின் முதுகைப் பார்த்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"ஐயையோ! மாப்பிள்ளை கோவிச்சுக்கிட்டுப் போறாரே!"

"போறவரு சின்னதாகத்தானக்கா ஆகணும்? இவரு வரவரப் பெருசாகுறாரே" என்றான் தவசி.

"கோவத்துல உப்பிக்கிட்டே போறாருடா!"

அந்தப் பக்கம் கோயில் வாசலில் ஒச்சப்பன் காரின் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்னப்பா இது, பயல் நம்மளைப் பார்த்துத் திரும்பி வர்றான்!"

"வர்றவன் ஏன் சின்னதாகிக்கிட்டே வர்றான்?" என்றார் அவருடைய பங்காளி.

"இளைச்சுட்டான். பொண்ணு வீட்டுச் சாப்பாடு அந்த லட்சணம்!" என்று ஒச்சப்பன் தலையிலடித்துக்கொண்டார்.

கார் மண்டபத்து வாசலுக்கு வந்துவிட்டது. பேச்சியம்மாள் தட்டைப் போட்டுவிட்டுக் காருக்கு முன்பக்கம் ஓடினாள். "போகாதீங்க மாப்பிள்ளை! என் பொண்ணைக் கைவிட்டுறாதீங்க!" என்று பானெட்டில் கைவைத்து முட்டுக்கொடுத்தாள். தவசி கைவைத்தான். வீரணன் கைவைத்தான். போகிற மாப்பிள்ளையை விடக்கூடாது என்று மட்டிப்பட்டியே மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளியது. கார் பின்னாலேயே மண்டபத்துக்குள் நுழைந்து, சிந்திக்கிடந்த சிவப்பு எண்ணெயில் சர்ரென்று சறுக்கி, மணவறையில் இடித்து நின்றது.

"நிறுத்திட்டோம்!" என்று எல்லோரும் கத்தினார்கள். கெட்டிமேளம் கொட்டியது. ஜன்னல் வழியாகப் பால்ச்சாமி கையை நீட்டி வள்ளிமயில் கழுத்தில் தாலி கட்டினான்.

சொக்கையாவின் போன் அடித்தது. ஒச்சப்பன். "சம்பந்தி, பயல் இளைச்சு இளைச்சு இப்பக் கண்ணுக்கே தெரியலையே!"

"கவலைப்படாதீங்க சம்பந்தி, இங்க பெருசாத்தான் வந்து சேர்ந்தாரு. தாலியும் கட்டியாச்சு. நீங்க ஊருக்குப் போய் ஆரத்தி கரைச்சு வைங்க. பொண்ணு மாப்பிள்ளையை உடனே கார்ல அனுப்புறேன்."

சாப்பாடு முடிந்தது. பொண்ணு மாப்பிள்ளையைக் காரில் ஏற்றினார்கள். கியர் போடாத கார்தானே, யார் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்று பால்ச்சாமியே ஸ்டியரிங்கைப் பிடித்தான். 'ஆர்'ல் போட்டான். பின்னால் மணவறையும் சுவரும், போக வழியில்லை. 'டி'யில் போட்டான். கார் உறுமியது, நகரவில்லை. ஆனால் அதன் மூஞ்சி வாசலைப் பார்த்து இருந்தது. மட்டிப்பட்டிக்கு அது போதும்.

"கிளம்பிட்டாங்க, கிளம்பிட்டாங்க!" என்று பேச்சியம்மாள் விசும்பினாள். ஊரே கையாட்டியது. எல்லோரும் மூக்கைச் சிந்திக்கொண்டு, காரைச் சுற்றி நடந்து, வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

சாயங்காலம் பேச்சியம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. "புள்ளைக போய்ச் சேர்ந்துச்சுகளா இல்லையா, கேளுங்களேன்" என்றாள். சொக்கையா போன் போட்டார்.

"மாப்பிள்ளை, எதுவரைக்கும் போயிருக்கீங்க?"

உறுமல் சத்தத்துக்கு நடுவே பால்ச்சாமி சொன்னான். "வந்துட்டோம் மாமா. வாசல் நேரா தெரியுது."

சொக்கையா போனை வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு மிதப்பு.

"பாத்தியாடி? அதுக்குள்ள சம்பந்தி வீட்டு வாசலே வந்துருச்சாம். கியர் போடுற வண்டியா இருந்தா இந்நேரம் மண்டபத்தையே தாண்டியிருக்காது."