முள்ளம்பன்றி வாங்கிய தார்ப்பாய்

ஒரு காட்டின் நடுவே அகலமான ஆறு. ஆற்றின் நடுவே ஒரு மண்திட்டு. அந்தத் திட்டில் ஒரு முள்ளம்பன்றி தன்னந்தனியாக இருந்தது. சொந்தமென்று இருந்த ஒரே தம்பி அக்கரையில் குடும்பத்தோடு இருந்தது. முள்ளம்பன்றிக்கு நீந்தத் தெரியாது. இருந்தது ஒரு மரப்படகுதான்.

ஐப்பசி தொடக்கத்தில் ஆமை நீந்தி வந்தது.

"அண்ணே, உங்கள் தம்பி மகளுக்குத் தை மாதம் கல்யாணம். பெரியப்பா வந்து நின்றால்தான் மாலையைத் தொடுவேன் என்கிறாள் பெண்."

முள்ளம்பன்றிக்கு முள்ளெல்லாம் சிலிர்த்தது. அதைத் தேடி ஒரு சொல் வந்து எத்தனையோ நாளாயிற்று!

"வருகிறேன் என்று சொல். மழைக்கு முன்னால் படகுக்கு நல்ல போர்வையாக வாங்கி மூடிவைக்கிறேன்."

அன்றே படகில் சந்தைக்குப் போனது. அங்கே தூக்கணாங்குருவி கோரைப்பாய் விற்றுக்கொண்டிருந்தது.

"நடுவில் கழி கட்டி, கூரை மாதிரி சரித்துப் போடணும். ஓரத்தில் காற்றுக்கு வழி விடணும். வெயில் வந்தால் திறந்து காயவைக்கணும்" என்றது குருவி.

"படகை மூடப் பாய் கேட்டேன். நீ எனக்கு உத்தியோகம் தருகிறாயே!" என்று சீறியது முள்ளம்பன்றி.

பக்கத்துக் கடை நரி கூப்பிட்டது. "மாமா, இங்கே வாங்க. தார்ப்பாய்! ஒரு சொட்டு இறங்கினால் என் வாலை அறுத்துக்கோங்க. பத்துக் கிழங்கு."

"உன் வாலை வைத்து நான் என்ன செய்ய? ஆறு தருகிறேன், மடித்துக் கொடு."

"ஆறா! நான் திருடிக்கொண்டு வந்திருந்தால்தான் அந்த விலை கட்டுபடியாகும், மாமா."

"திருடித்தானே கொண்டு வந்தாய்!"

நரி மளமளவென்று தார்ப்பாயை மடித்தது.

திட்டுக்குத் திரும்பியதும் முள்ளம்பன்றி படகைக் கரையேற்றியது. படகுக்குள் ஆற்றுத் தண்ணீர் தளும்பியது. அதை இறைத்துத் துடைக்கப் பொறுமை ஏது? அடித்துப் பேசி வாங்கிய பாயைப் போர்த்திப் பார்க்கத்தான் அவசரம். ஈரத்தோடு மூடி, ஈ நுழையாதபடி இறுக்கிக் கட்டிவிட்டது.

மழை பிடித்துக்கொண்டது. பேச ஆளில்லை. "மகராசியாய் இரு அம்மா" என்று கல்யாணப் பெண்ணை வாழ்த்தும் சொல்லைத் தார்ப்பாயிடமே தினமும் சொல்லிப் பார்த்தது.

கார்த்திகையில் நாலு நாள் நல்ல வெயில் அடித்தது. ஆமை தலைகாட்டியது.

"அண்ணே, ஒருமுறை திறந்து காயவைக்கலாமே."

"பிறக்கும்போதே ஓசியில் ஓடு வாங்கியவன் நீ. எனக்குப் போர்வை பற்றிப் பாடம் நடத்துகிறாயா? போ, போ!"

ஆமை தண்ணீருக்குள் போய்விட்டது. அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை. மழையும் முள்ளம்பன்றியும் மட்டுமே திட்டில் இருந்தன.

தை பிறந்தது. கல்யாணத்தன்று விடிந்ததும் முள்ளம்பன்றி கட்டை அவிழ்த்தது. தார்ப்பாயில் ஒரு கீறல்கூட இல்லை. புத்தம் புதிதாக மின்னியது.

அடியிலிருந்து புழுங்கிய நாற்றம் குப்பென்று அடித்தது. பலகையெல்லாம் வெள்ளைப் பூஞ்சை. காலை வைத்தது. பலகை பொதுக்கென்று உள்ளே போனது. கால் மண்ணைத் தொட்டது.

அக்கரையில் மேளம் தொடங்கியது. ஆமை மூச்சிரைக்க நீந்தி வந்தது.

"அண்ணே, எல்லோரும் காத்திருக்கிறார்கள். பெண் மாலையைத் தொடவில்லை."

முள்ளம்பன்றி தார்ப்பாயை இழுத்துப் படகை மறைத்தது. ஆமை அதற்குள் பார்த்துவிட்டது.

"நல்ல நேரம் போகிறது! மாலையை எடுக்கச் சொல்!"

"நீங்கள்?"

"எனக்கு இங்கே ஆயிரம் வேலை. அப்படியே சொல்." பிறகு குரலைத் தாழ்த்தியது. "படகைப் பார்த்ததாகச் சொல்லிவிடாதே, தம்பி."

ஆமை திரும்பிப் பார்த்தபடியே நீந்திப் போனது.

சற்று நேரத்தில் அக்கரையில் கெட்டிமேளம் முழங்கியது. யாருமில்லாத திட்டின் ஓரத்தில் நின்று முள்ளம்பன்றி வெறுங்கையை அக்கரைப் பக்கமாக உயர்த்தியது.

நீதி: ஒன்றை மூடிக் காக்க நினைப்பவன், அதை அவ்வப்போது திறந்தும் பார்க்க வேண்டும்.