நிலத்தை விற்றேன், வழியை விற்கவில்லை

கிட்டே வந்து உட்காருங்கள். ஓரத்தில் இருப்பவர்கள் கவலைப்பட வேண்டாம், நான் சத்தமாகத்தான் சொல்வேன். இடையில் சிரிப்பு வந்தால் சிரித்துவிடுங்கள். இந்தக் கதையில் ராசாவே அடக்கவில்லை.

வழக்கு என்று வந்தால் ராசாவே உட்கார்ந்து கேட்ட காலம் அது. தென்னம்பாடி நாட்டை ஆண்ட ராசாவுக்கு மூச்சு முட்டும் நீளத்தில் பட்டப்பெயர்கள் இருந்தன. ஆனால் சனங்கள் அவரைச் சிரிப்பாணி ராசா என்றே சொல்வார்கள். நல்லவர், நியாயம் தெரிந்தவர். சிரிப்பு வந்தால் மட்டும் அவருக்கு அடக்கத் தெரியாது. சபையில் சிரித்துவிடக் கூடாதே என்று வாய் நிறைய வெற்றிலையை அடக்கிக்கொண்டுதான் சிம்மாசனத்தில் உட்காருவார்.

அந்த நாட்டில் வரகுணத்தார் என்று ஒரு நிலக்கிழார் இருந்தார். கிழக்கே அவருடைய தென்னந்தோப்பு, மேற்கே அவருடைய வாழைத்தோட்டம், வடக்கே அவருடைய கரும்புக் கொல்லை, தெற்கே அவருடைய வெற்றிலைக் கொடிக்கால். இத்தனைக்கும் நடுவே, தோசையில் விழுந்த ஓட்டை மாதிரி, ஒரு துண்டு நிலம். அதில் ஒரு சின்ன வீடு, ஊற்று சுரக்கும் ஒரு குளம்.

இந்தத் துண்டு நிலத்தை வைத்துத்தான் வரகுணத்தார் பிழைத்தார் என்றுகூடச் சொல்லலாம். முதலில் அதை ஒரு குயவனுக்கு விற்றார். குயவன் ஓடிப்போனான். பிறகு ஒரு நெசவாளிக்கு விற்றார். நெசவாளியும் ஓடிப்போனான். பிறகு ஒரு மாட்டு வியாபாரிக்கு விற்றார். அவனும் மாடுகளை விட்டுவிட்டு ஓடிப்போனான். ஓடியவர்கள் ஒவ்வொருவரும் நிலத்தைச் சும்மாவே அவர் பெயருக்குத் திருப்பி எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனார்கள். ஏன் ஓடினார்கள்? பொறுங்கள், வருகிறேன்.

நான்காவதாக வந்தவள் சுருளாயி. வாத்து மேய்ப்பவள். பிறந்ததிலிருந்து வாத்துகளுக்குப் பின்னாலேயே ஊர் ஊராக நடந்தவள். இப்போது வயிற்றில் ஒரு பிள்ளை. "இதுவாவது ஒரு கூரைக்குக் கீழே பிறக்கட்டும்" என்று அவளும் அவள் புருஷன் மாடக்கண்ணும் இருந்ததையெல்லாம் கொடுத்து அந்த நிலத்தைக் கிரயம் வாங்கினார்கள். கிரயம் என்றால் என்ன? குத்தகை என்றால் காலம் முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒத்தி என்றால் கடன் தீர்ந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். கிரயம் என்றால் திருப்பவே வேண்டாம். சூரியனும் சந்திரனும் உள்ளவரை வாங்கியவர்களுக்கே சொந்தம்.

வரகுணத்தாரே முன்னால் நடந்து, தென்னந்தோப்பு வழியாக அவர்களை அழைத்துப் போய், நிலத்தைக் காட்டினார். ஒரு பிடி மண்ணை அள்ளிச் சுருளாயி கையில் கொடுத்தார். அதற்குச் சுவாதீனம் கொடுப்பது என்று பெயர். அன்றிலிருந்து நிலம் அவள் கையில்.

கிரய ஓலையை வாசித்தார்கள். மேல்நோக்கிய மரமும் கீழ்நோக்கிய கிணறும் உட்பட என்று இருந்தது. நான்கெல்லையும் எழுதியிருந்தது. கிழக்கே வரகுணத்தார், மேற்கே வரகுணத்தார், வடக்கே வரகுணத்தார், தெற்கே வரகுணத்தார்.

"நாலு பக்கமும் ஒரே ஆளா? ரொம்ப நல்லதாப் போச்சு. சண்டைன்னா ஒருத்தர்கூடத்தானே" என்றாள் சுருளாயி.

வரகுணத்தார் இனிமையாகச் சிரித்தார்.

மறுநாள் விடிந்ததும் சுருளாயி வாத்துகளை ஓட்டிக்கொண்டு வயலுக்குக் கிளம்பினாள். தென்னந்தோப்பு வழியில் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு வரகுணத்தார் நின்றார்.

"எங்கம்மா கிளம்பிட்ட?"

"மேய்ச்சலுக்குங்க ஐயா."

"போ, தாராளமாப் போ. ஆனா என் தோப்புல காலு வைக்காமப் போ."

"வேற வழி இல்லைங்களே."

"அது உன் பாடு. நிலத்தை வித்தேன். வழியை விக்கலையே! ஓலையில வழின்னு ஒரு வார்த்தை இருக்கா, படிச்சுப் பாரு."

படித்துப் பார்த்தார்கள். இல்லை. குயவன் பார்த்தபோதும் இல்லை, நெசவாளி பார்த்தபோதும் இல்லை, மாட்டு வியாபாரி பார்த்தபோதும் இல்லை. அதனால்தான் அவர்கள் ஓடினார்கள். ஓலையில் இல்லாததை யாரிடம் போய்க் கேட்பது என்று நினைத்து, வெளியே விட்டால் போதும் என்று நிலத்தையே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

மாடக்கண்ணு தலையில் கைவைத்து உட்கார்ந்தான். சுருளாயி உட்காரவில்லை.

"ஏங்க, தரைதானே அவருக்கு? மேலே போவோம்" என்றாள்.

தன் நிலத்து மாமரத்தில் கயிறு கட்டி, பெரிய ஊஞ்சல் போட்டார்கள். மாடக்கண்ணு ஏறிக்கொண்டான். சுருளாயி தள்ளினாள். அவன் தென்னந்தோப்புக்கு மேலே பறந்து போய், கையை விட்டு, வெளியே இருந்த வைக்கோல் போரில் பொத்தென்று விழுந்தான். எழுந்து நின்று, "வந்துட்டேன் புள்ள!" என்று கத்தினான். வாத்துகள் எல்லாம் கைதட்டுவது போலச் சிறகடித்தன.

வரகுணத்தார் ஓடி வந்தார். "மேல்நோக்கிய மரம்னு எழுதியிருக்கு! மேல்நோக்கினா எதுவரைக்கும்? ஆகாயம் வரைக்கும்! என் தோப்புக்கு மேல இருக்கிற ஆகாயம் என்னோடது!"

ஊஞ்சல் நின்றது.

"அப்ப கீழே போவோம்" என்றாள் சுருளாயி.

மாடக்கண்ணு பெருச்சாளி போலத் தோண்டினான். வாழைத்தோட்டத்துக்கு அடியில் சுரங்கம் நீண்டது. வரகுணத்தார் தரையில் காதை வைத்துக் கேட்டார். "கீழ்நோக்கிய கிணறுன்னு எழுதியிருக்கு! கீழ்நோக்கினா எதுவரைக்கும்? பாதாளம் வரைக்கும்! பாதாளமும் என்னோடது!"

சுரங்கம் நின்றது.

சுருளாயி குளக்கரைக்கு வந்தாள். ஊற்று சுரந்துகொண்டே இருந்தது. நிரம்பிய தண்ணீர் மடை வழியாக இறங்கி, வாய்க்காலாக ஓடி, வரகுணத்தாரின் கொடிக்காலுக்குள் புகுந்து, அதையும் தாண்டி வயல்வெளிக்குப் போனது. வாத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக மடையில் இறங்கி மிதந்துபோயின. யாரிடமும் அவை அனுமதி கேட்கவில்லை.

"ஏங்க," என்று கூப்பிட்டாள் சுருளாயி, "நெல்லு அவிக்கிற அண்டாவைத் தூக்கிட்டு வாங்க."

கொடிக்காலில் வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தவர்கள் அன்று கண்ட காட்சியைச் சாகும்வரை மறக்கவில்லை. முன்னால் வாத்துகள். நடுவே ஒரு பெரிய பித்தளை அண்டா. அண்டாவுக்குள் நிறைமாத வயிற்றோடு சுருளாயி, மடியில் முட்டைக்கூடை. அவளுக்குப் பின்னால் அண்டாவிலேயே நின்று மூங்கில் கழியால் தள்ளிக்கொண்டு மாடக்கண்ணு. வளைவில் அண்டா ஒரு சுற்றுச் சுற்றியது. சுருளாயி சுற்றியபடியே எல்லாருக்கும் கும்பிடு போட்டாள்.

"வாய்க்கால் என்னது!" என்று கத்தினார் வரகுணத்தார்.

"கரையில நாங்க காலே வைக்கலைங்களே ஐயா. தண்ணி மேலதான் போறோம். தண்ணி எங்க குளத்துத் தண்ணி."

"கழி அடியில என் மண்ணைத் தொடுது!"

"தொடுதான்னு பாத்துச் சொல்லுங்க."

அன்று முழுக்க வரகுணத்தார் கரையோடு குனிந்துகொண்டே நடந்து பார்த்தார். கலங்கிய தண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை. மாலையில் நிமிரலாம் என்று பார்த்தால் இடுப்பு நிமிர மறுத்தது. வாய்க்காலையே அடைத்துவிடலாமா என்று யோசித்தார். அடைத்தால் கொடிக்கால் காய்ந்துவிடும். குனிந்தபடியே வீட்டுக்குப் போனார்.

மாடக்கண்ணுக்குத் தலைகால் புரியவில்லை. "ஏ புள்ள, அவரு கொடிக்கால் உசுரே நம்ம மடையில இருக்கு. ஒரு கூடை மண்ணைப் போட்டு அடைச்சம்னா, பொழுது சாயறதுக்குள்ள வந்து கால்ல விழுவாரு!"

"வேணாங்க."

"ஏன் வேணாம்?"

"வெத்தலைக்கொடி நம்மள வழிமறிச்சுச்சா? அதைப் போய்த் தாகத்துல சாகடிக்கணுமா?"

மடை திறந்தே இருந்தது.

இப்படி அண்டாவிலேயே போய் அண்டாவிலேயே வந்துகொண்டிருந்தபோது, ஒரு நாள் உச்சிப் பொழுதில் சுருளாயிக்கு வலி கண்டது. மாடக்கண்ணு அண்டாவில் பாய்ந்து, மருத்துவச்சி சடைச்சியின் வீட்டுக்கு ஓடினான். சடைச்சி நல்ல பருமன். வாய்க்காலைப் பார்த்தாள், அண்டாவைப் பார்த்தாள், மாடக்கண்ணைப் பார்த்தாள்.

"நான் சோறு வடிக்கிற பாத்திரத்துல ஏறமாட்டேன். நடந்துதான் வருவேன்" என்று சொல்லிவிட்டுத் தென்னந்தோப்பு வழியில் விறுவிறுவென்று நடந்தாள்.

வழியில் வரகுணத்தார் குறுக்கே படுத்துக்கொண்டார். "என்னைத் தாண்டிப் போ, பாப்போம்!"

சடைச்சி சேலையைத் தூக்கிச் செருகினாள். "அடேய், உன்னை உங்க ஆத்தா வயித்துல இருந்து இழுத்துப்போட்டதே இந்தக் கைதான். அன்னைக்கும் நீ குறுக்கத்தான் கிடந்த!" என்று சொல்லிவிட்டு, ஒரே எட்டில் அவரைத் தாண்டிப் போய்விட்டாள்.

சுருளாயிக்குப் பெண் பிறந்தது. பிறந்ததும் போட்ட சத்தத்தில் வாத்துகள் எல்லாம் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டன.

வரகுணத்தார் நேராக அரண்மனைக்குப் போய் வழக்குத் தொடுத்தார். அனுமதி இல்லாமல் என் நிலத்தில் அத்துமீறி நடந்தார்கள் என்று முறையிட்டார். குழந்தை தலை நிற்கும் வரை பொறுத்து, ராசா எல்லாரையும் சபைக்கு அழைத்தார். வேடிக்கை பார்க்க ஊரே திரண்டது. குயவனும் நெசவாளியும் மாட்டு வியாபாரியும்கூட வந்து தூணோரம் நின்றார்கள்.

வரகுணத்தார் ஊஞ்சலைச் சொன்னார். ராசா உதட்டைக் கடித்தார். சுரங்கத்தைச் சொன்னார். ராசா கூரையைப் பார்த்தார். அண்டாவைச் சொன்னார். ராசா இன்னும் இரண்டு வெற்றிலையை வாய்க்குள் திணித்துக்கொண்டார்.

அப்போது சடைச்சி முன்னால் வந்தாள். "மகாராசா, சிரிக்கலாம், தப்பில்லை. ஆனா அன்னைக்குப் பிள்ளை கழுத்துல தொப்புள்கொடி சுத்திக் கிடந்துச்சு. நான் அண்டாவுல ஏறி, தண்ணியில மெதுவா வந்திருந்தா, ரெண்டு உசுரும் போயிருக்கும்."

ராசா வாயில் இருந்ததைத் துப்பிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "சுருளாயி, நீ என்னம்மா சொல்ற?"

சுருளாயி குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "நான் ஒண்ணும் சொல்லலைங்க மகாராசா. ஐயாகிட்ட ஒண்ணு கேக்கணும். உத்தரவு வேணும்."

"கேள்."

"ஐயா, உங்க கொடிக்காலுக்குத் தண்ணி எங்கிருந்து வருது?"

"உன் குளத்துல இருந்து. மடை வழியா" என்றார் வரகுணத்தார்.

"நிலத்தை எனக்கு வித்தப்ப, தண்ணி போற வழி மட்டும் எனக்குன்னு ஓலையில எழுதி வச்சுக்கிட்டீங்களா?"

வரகுணத்தார் விழித்தார். "எழுதலை."

"அப்ப நான் இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் மடையை அடைச்சுடட்டுமா?"

"அடைக்கிறதா!" வரகுணத்தார் துள்ளிக் குதித்தார். "என்ன அநியாயம் இது! என் கொடிக்கால் என்ன ஆகும்? தண்ணி வராம ஒரு தோட்டம் இருக்க முடியுமா? இதையெல்லாம் ஒருத்தன் ஓலையில எழுதணுமா? எது இல்லாம நிலம் பிழைக்காதோ, அது நிலத்தோட சேந்தே வரும்! இதுகூடத் தெரியாதா, சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே!"

சொல்லி முடித்த பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது அவர் காதிலேயே விழுந்தது.

ராசாவின் தோள் குலுங்கத் தொடங்கியது. அமைச்சர் அவசரமாக வெற்றிலைத் தட்டை நீட்டினார். ராசா அதைத் தள்ளிவிட்டார். அவர் சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று மடியில் விழுந்தது. காவலாளிகள் வேல்களைச் சுவரில் சாத்திவிட்டுச் சிரித்தார்கள். குயவனும் நெசவாளியும் மாட்டு வியாபாரியும் ஒருவரை ஒருவர் கட்டிப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

ராசா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வரகுணத்தாரே, தீர்ப்பை நீங்களே சொல்லிட்டீங்க, எனக்கு வேலையே இல்லை. உங்க தோட்டத்துக்குத் தண்ணி எப்படியோ, அவ வீட்டுக்கு வழி அப்படி. சுவாதீனம் கொடுக்க அன்னைக்கு நீங்களே முன்னால நடந்தீங்களே, அந்தத் தோப்பு வழிதான் அவளுக்குப் பாத்தியம். தோப்பு உங்களுக்கே சொந்தம், காயும் நிழலும் உங்களுக்கே. ஆனா அவ போக வர நீங்க தடுக்கக் கூடாது. அவளும் உங்க தண்ணியைத் தடுக்கக் கூடாது. அப்புறம், அந்தத் தூணோரம் நிக்கிற மூணு பேருக்கும் வாங்கின விலையைத் திருப்பிக் கொடுத்துடுங்க."

வரகுணத்தார் சுருளாயியைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. "நீ நினைச்சிருந்தா எப்பவோ அடைச்சிருக்கலாமே அம்மா."

"அடைச்சா உங்களுக்கும் எனக்கும் என்னங்க வித்தியாசம்?" என்றாள் சுருளாயி.

அன்று சபையிலிருந்து திரும்பும்போது வாத்துக்காரி தென்னந்தோப்பு வழியாகவே நடந்து வீட்டுக்குப் போனாள். தோப்பு ஓரத்து முள்வேலியை விலக்கிப் பிடித்துக்கொண்டு நின்றவர் வரகுணத்தார். தோளில் கிடந்த குழந்தை அவர் மீசையை எட்டிப் பிடித்து இழுத்தது. "இதுக்குப் பேரு வச்சாச்சா?" என்று கண்ணில் நீர் வர அவர் கேட்டார்.

"இப்பத்தாங்க வச்சேன்" என்றாள் சுருளாயி. "வழிவிட்டாள்."

கேட்டுக்கொண்டீர்களா? தனக்கு எது நியாயம் என்று ஒருவர் கேட்கிறாரோ, அதையே அடுத்தவருக்கும் கொடுக்க அவர் கடமைப்பட்டவர்.