பத்துக்கு ஆறு

குருவைவிடச் சீடருக்கு வயது அதிகம்.

சீடர் சிங்காரவேல், ஆவரங்குப்பம் மீனவர் தெருவில் பிறந்தவர். பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளியில் புவியியல் ஆசிரியர். தலை பாதி நரைத்த பிறகு அவருக்குப் படிப்பு ஆசை வந்தது. பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் துறையில் பகுதிநேர ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். வழிகாட்டியாக வாய்த்தவர் பேராசிரியை ரஹீமா, வானிலையியலில் முனைவர் பட்டம் பெற்றவர். அவர் இவரை "சார்" என்பார். இவர் அவரை "மேடம்" என்பார்.

புயல் வரும்போது கடல் எவ்வளவு தூரம் ஊருக்குள் ஏறும் என்பதுதான் ஆய்வு. ஒரே புயலைக் கணினியில் பல தடவை ஓட்டிப் பார்ப்பார்கள். ஒவ்வொரு தடவையும் அதன் பாதையையும் காற்றையும் கொஞ்சம் மாற்றுவார்கள். பத்து தடவையில் ஆறு தடவை தண்ணீர் தெருவுக்குள் வந்தால், வாய்ப்பு பத்துக்கு ஆறு.

அந்தக் கார்த்திகையில் ஒரு புயல் கிளம்பியது. சிங்காரவேல் ஓட்டிப் பார்த்தார். பத்துக்கு ஆறு வந்தது. நேரே ஊருக்குப் போனார். மீன் ஏலக்கூடத்தில் ஏறி நின்று கத்தினார்.

"தண்ணி வரும். கண்டிப்பா வரும். எல்லாரும் கிளம்புங்க."

வாத்தியார் சொன்னால் ஊர் கேட்கும். அங்கே பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். சட்டிபானையைக் கட்டிக்கொண்டு, மேட்டிலிருந்த கல்யாண மண்டபத்துக்குப் போனார்கள். மீன் விற்கும் பூங்காவனம், படுத்த படுக்கையாகக் கிடந்த தன் அப்பா வைரக்கண்ணுவை ஆள்வைத்துத் தூக்கிக்கொண்டு போனாள். அவருக்கு மூச்சிழுப்பு உண்டு. மண்டபத்துத் தரை சில்லென்று இருந்தது. கூட்டத்துக்கு நடுவே அவர் மூச்சு நின்றுபோனது.

புயல் வடக்கே திரும்பிவிட்டது. ஆவரங்குப்பத்தில் வெயில் அடித்தது. அந்த வெயிலிலேயே பெரியவரை ஊருக்குத் திருப்பி எடுத்து வந்தார்கள். சிங்காரவேலும் ஒரு பக்கம் தோள் கொடுத்தார்.

அடுத்த வாரம் அவர் துறைக்கு வந்தபோது ரஹீமா தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

"மேடம், நான் படிப்பை விட்டுடறேன்."

"உக்காருங்க சார்."

"நான் சொன்னதைக் கேட்டு ஒருத்தர் செத்துட்டார். நான் செஞ்சது சரியா, தப்பா? அதை மட்டும் சொல்லுங்க."

ரஹீமா பேனாவை மூடி வைத்தார்.

"கணக்குல என்ன வந்தது?"

"பத்துக்கு ஆறு."

"ஊர்ல என்ன சொன்னீங்க?"

"வரும்னு சொன்னேன்."

"மிச்சம் நாலு என்ன ஆச்சு?"

சிங்காரவேல் அப்போதுதான் உட்கார்ந்தார்.

"வரலாம், வராமலும் போகலாம்னு சொன்னா எவனும் எந்திரிக்க மாட்டான் மேடம். எங்க ஊரைப் பத்தி எனக்குத் தெரியும்."

"அந்த நாலு இப்ப யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்டதான்."

ரஹீமா எழுந்து கைப்பையை எடுத்துக்கொண்டார்.

"வாங்க. போய்க் குடுத்துட்டு வருவோம்."

இருவரும் பஸ் ஏறிப் போனார்கள். பூங்காவனம் வாசலில் மீன் சுமக்கும் அன்னக்கூடையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். கையில் மீன் செதில் ஒட்டியிருந்தது. வாத்தியாரைப் பார்த்ததும் எழுந்தாள். நாற்காலி எடுக்கப் போனவளை அவர் தடுத்தார்.

"பூங்காவனம், ஒண்ணு சொல்லணும். அன்னைக்குத் தண்ணி வரும்னு சொன்னேன்ல. வராமப் போகவும் வாய்ப்பு இருந்துச்சு. பத்துக்கு நாலு."

அவளுக்கு முதலில் புரியவில்லை. அவர் இன்னொரு தடவை சொன்னார்.

"தெரிஞ்சேதான் சொன்னீங்களா?"

"தெரிஞ்சேதான்."

பூங்காவனம் அன்னக்கூடையைக் கவிழ்த்து வைத்தாள்.

"தூக்காதடி, தூக்காதடின்னு அவரு கத்துனாரு சார். வாத்தியாரே சொல்லிட்டாருப்பா, பேசாம இருன்னு நான் அதட்டினேன். எங்கப்பாகிட்ட நான் கடைசியாப் பேசுனது அந்த அதட்டல்தான்."

கையில் ஒட்டியிருந்த செதிலைச் சுரண்டி எடுத்தாள்.

"அந்த நாலை எங்கிட்ட சொல்லியிருந்தா, தூக்குறதா வேணாமான்னு நான் யோசிச்சிருப்பேன். யோசிச்சும் தூக்கிட்டுத்தான் போயிருப்பேனோ என்னமோ. ஆனா யோசிச்சிருப்பேன்ல? அவரையும் ஒரு வார்த்தை கேட்டிருப்பேன்ல?"

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ரஹீமாவைக் காட்டி, "இவங்க யாரு?" என்று கேட்டாள்.

"எனக்குப் பாடம் சொல்லிக் குடுக்கிறவங்க."

"நல்லாத்தான் சொல்லிக் குடுத்தாங்க" என்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம் இல்லை. ஜன்னலுக்கு வெளியே உப்பளம் வந்தது, போனது.

"இனிமே எப்படிச் சொல்வீங்க சார்?"

"ஆறையும் சொல்வேன். நாலையும் சொல்வேன்."

ரஹீமா தலையசைத்தார். சிங்காரவேல் படிப்பை விடவில்லை.

அடுத்த வருடமும் ஒரு புயல் வந்தது. போன தடவையைவிட மெதுவாக நகர்ந்தது. சிங்காரவேல் ஓட்டிப் பார்த்தார். அதே விடைதான். திரும்பவும் ஓட்டினார். விடை மாறவில்லை.

காலையிலேயே ஊருக்குள் அரசாங்க பஸ்கள் வந்து நின்றன. ஏலக்கூடத்தில் அவர் பேசினார். இந்தத் தடவை கத்தவில்லை.

"பத்துக்கு ஆறு, தண்ணி தெருவுக்குள்ள வரும். பத்துக்கு நாலு, வராமப் போகும். எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான். நான் கிளம்பறேன். நீங்களும் வாங்க."

பின்னாலிருந்து ஒருவன், "போன வருசமும் இதேதானா சார்?" என்று கேட்டான்.

"இதேதான். போன வருசம் உங்ககிட்ட முழுசா சொல்லல."

சனங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெண்களும் பிள்ளைகளும் பஸ் ஏறினார்கள். பூங்காவனமும் ஏறினாள். ஆண்களில் சிலர் ஏறவில்லை. படகுகள் உப்பாற்று முகத்துவாரத்தில் கட்டிக் கிடந்தன. காற்று திரும்பும்போது ஆளிருந்து கயிற்றை மாற்றிக் கட்டாவிட்டால், ஒன்றோடொன்று மோதி உடைந்துவிடும்.

அங்கேயே நிற்பதென்று முடிவெடுத்தவர்களில் பாலகுருவும் ஒருவன். சிங்காரவேலின் தம்பி. கூடப் பிறந்தது அவன் ஒருவன்தான்.

பஸ் கிளம்பும் நேரத்தில் அண்ணனைத் தனியாக வேப்பமரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"அண்ணே, ஊருக்குச் சொன்னது இருக்கட்டும். எனக்குச் சொல்லு. தண்ணி வருமா, வராதா?"

கண்டிப்பா வரும்டா, வண்டியில ஏறு. இந்த வார்த்தைகள் சிங்காரவேலின் வாய்வரை வந்துவிட்டன. அண்ணன் சொன்னதைத் தம்பி ஒருநாளும் தட்டியதில்லை.

"உனக்கும் அதேதான் பாலகுரு. பத்துக்கு ஆறு."

"அப்ப நாலு இருக்கு."

"இருக்கு. ஆனா ஆறு பெருசுடா. வந்துரு."

பாலகுரு சிரித்தான்.

"நாலே ரொம்ப ஜாஸ்திண்ணே. கடலுக்குப் போறவன் அதைவிடக் கம்மியானதை நம்பித்தான் தினம் போறான்."

"படகு போனா போகட்டும்டா."

"உனக்கு வேலை இருக்குண்ணே. எனக்குப் படகுதான் இருக்கு. நீ பிள்ளைகளைப் பாத்துக்க. காத்து நின்னதும் வந்துடறேன்."

பஸ்ஸில் பாலகுருவின் மனைவி தேன்மொழி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். "அவரு என்ன சொல்றாரு மாமா?" என்று கேட்டாள்.

"வரமாட்டேங்கிறான்மா."

அவள் இறங்கப் போனாள். பிள்ளைகள் காலைக் கட்டிக்கொண்டன. பஸ் நகர்ந்துவிட்டது.

பிற்பகலில் கடல் தெருவுக்குள் வந்தது. ஏலக்கூடத்துக் கூரைமேல் ஏறிக்கொண்டவர்கள் பிழைத்தார்கள். பாலகுரு படகோடு இருந்தான். தண்ணீர் வடிந்த பிறகு, உப்பாற்றுக்கு அந்தப் பக்கம், கருவேலங்காட்டில் அவனைக் கண்டெடுத்தார்கள். முள் கிழித்த இடமெல்லாம் வெளுத்திருந்தது.

ரஹீமா துக்கத்துக்கு வந்திருந்தார். பெண்கள் கூட்டத்தில் ஓரமாக உட்கார்ந்திருந்தார். தேன்மொழி அழவில்லை. சிங்காரவேல் பக்கம் திரும்பி ஒன்றே ஒன்று கேட்டாள்.

"கண்டிப்பா வரும்னு நீங்க சொல்லியிருந்தா அவரு வந்திருப்பாருல்ல மாமா?"

"வந்திருப்பான்" என்றார் சிங்காரவேல்.

ரஹீமா யாரிடமும் பேசாமல் எழுந்து போனார்.

காரியமெல்லாம் முடிந்து, ஒரு மாதம் கழித்து, சிங்காரவேல் துறைக்கு வந்தார். நேரே கணினி முன்னால் போய் உட்கார்ந்தார். தெருவில் எந்தச் சுவரில் எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நின்றது என்று அளந்து வந்திருந்தார். அதையெல்லாம் ஏற்றினார். வேலை முடிந்ததும் ரஹீமாவின் அறைக்குப் போய் நின்றார்.

"ஏத்திட்டேன் மேடம்."

"இன்னைக்கே செஞ்சிருக்கணுமா சார்?"

"பெரியவர் நாலுல போனார். என் தம்பி ஆறுல போனான். கணக்கு சரியாத்தான் இருக்கு."

ரஹீமா தலை நிமிரவில்லை.

"நான் இங்க படிக்க வந்து ஒண்ணு கத்துக்கிட்டேன். பொய் சொன்னேன், ஒருத்தர் போயிட்டார். அதுக்கப்புறம் நீங்க என்னைக் கூட்டிட்டுப் போனீங்க. உண்மையைச் சொன்னேன். என் தம்பி போயிட்டான்."

"ஆமா சார்."

"உங்க மேல தப்பு சொல்லல மேடம்."

"சொல்லுங்க. பரவாயில்ல."

சிங்காரவேல் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"அவன் மரத்தடிக்குத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டான். பக்கத்துல யாருமில்ல. ஊருக்கு உண்மையைச் சொல்லிட்டேன், அது போதும். அவன் ஒருத்தன்கிட்ட மட்டும் மாத்திச் சொல்லியிருந்தா யாருக்குத் தெரியப் போகுது? வாய்வரைக்கும் வந்துச்சு மேடம். பூங்காவனம் முகம் ஞாபகம் வந்துச்சு. முழுங்கிட்டேன்."

 வராந்தாவில் மாணவர்கள் பேசிக்கொண்டே போனார்கள். அவர்கள் போய் முடியும் வரை சிங்காரவேல் காத்திருந்தார்.

"எனக்கு ஆறுதல் வேணாம். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அந்த மரத்தடியில நீங்க நின்னிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

ரஹீமா வெகுநேரம் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பதில் வராது என்று நினைத்து சிங்காரவேல் திரும்பினார். கதவருகே போனபோதுதான் குரல் வந்தது.

"எனக்கும் ஒரு தம்பி இருக்கான். அவன்கிட்ட நான் பொய்தான் சொல்லியிருப்பேன் சார்."