நண்டு சேர்ந்த வகுப்பு

புங்கன் குளத்தைச் சுற்றி வாழ்ந்த விலங்குகள் ஒன்றுகூடி, தங்கள் பிள்ளைகளுக்காக ஒரு தலைமைப் பயிற்சி வகுப்பு தொடங்கின. பெயர் எழுதும் வேலை முள்ளம்பன்றிக்கு. எழுதுகோல் தேடி அது எங்கும் அலைய வேண்டியதில்லை; முதுகிலிருந்து ஒன்றைப் பிடுங்கினால் போதும்!

முயல் சேர்ந்தது. குரங்கு சேர்ந்தது. மான்குட்டியும் சேர்ந்தது. கடைசியாக ஒரு நண்டு வந்து நின்றது.

“அண்ணே, என் பேரையும் எழுதிக்குங்க!”

“எங்கே, கொஞ்சம் நடந்து காட்டு,” என்றது முள்ளம்பன்றி.

நண்டு பக்கவாட்டில் நடந்தது. குரங்கு விழுந்து விழுந்து சிரித்தது.

“தலைவர்னா முன்னால போகணும்! உன் பின்னாடி வந்தா நாங்க புதருக்குள்ளதான் போய்ச் சேருவோம்!”

முள்ளம்பன்றி பெயரை எழுதவில்லை. நண்டுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் வளைக்குத் திரும்பாமல், தள்ளி உட்கார்ந்து பாடம் கேட்டது. பாவம், அதற்கு அவ்வளவு ஆசை!

நான்காம் நாள் மான்குட்டி அலறிக்கொண்டு ஓடிவந்தது.

“குளத்துல தண்ணி இறங்கிட்டே போகுது! கரைக்கு அந்தப் பக்கம் புதர் முழுக்க ஈரம்!”

கோடை முழுவதற்கும் அந்த ஒரு குளம்தான். அது வற்றினால் எல்லோரும் காட்டை விட்டே கிளம்ப வேண்டும்.

“என் பின்னால வாங்க!” என்று குரங்கு ஓடியது. “இல்ல, என் பின்னால!” என்று முயல் ஓடியது. மூன்று சுற்று ஓடியும் ஓட்டை அகப்படவில்லை. முன்னால் பார்த்து ஓடினால் பக்கத்திலிருக்கும் தண்ணீர் எப்படிக் கண்ணில் படும்?

“நில்லுங்க!” என்று கத்தியது நண்டு. “தண்ணியப் பார்த்துத் திரும்புங்க. அப்படியே பக்கவாட்டுல நகருங்க. எங்க சருகு சுழலுதோ, அங்கதான் ஓட்டை!”

வேறு வழி? வகுப்பே வரிசையாக நண்டு நடை நடந்தது. சற்று தூரத்திலேயே, “அதோ சுழலுது!” என்று முயல் துள்ளியது. களிமண்ணும் புல்லும் திணித்து அடைத்ததும் தண்ணீர் இறங்குவது நின்றது.

“எவன் போட்ட ஓட்டை இது?” என்று குரங்கு உறுமியது.

நண்டு கண்களை உள்ளே இழுத்துக்கொண்டது. “அது... எங்க பெரியப்பா காலி பண்ணிட்டுப் போன வீடு. இனிமே கரையில வளை தோண்டக் கூடாதுன்னு எங்க ஆளுங்ககிட்ட நானே சொல்றேன்.”

சொந்தக்காரர் தப்பை இப்படி நாலு பேர் முன்னால் ஒப்புக்கொள்ளக் குரங்குக்குத் தைரியம் வந்திருக்காது.

“அண்ணே, முதல்ல இவன் பேரை எழுதுங்க!” என்றது அது.

நம்மைப் போல நடக்கவில்லை என்று ஒருவரை வெளியே நிறுத்தினால், நஷ்டம் நமக்குத்தான்.