கோழி தலையை நிறுத்தி நடக்கக் கற்ற கதை

கோழி கழுத்தை ஆட்டாமல் நடந்த காலம் ஒன்று இருந்தது. நம்பினால் நம்புங்கள். பருந்தும் கோழியும் பேசிக்கொண்ட காலம் அது. கோழியின் கழுத்து அப்போது எண்ணெய் விட்டதுபோல வழுக்கிக்கொண்டு திரும்பும்.

பொறிச்சி என்ற புள்ளிக்கோழிக்கு அதில் ஏகப் பெருமை. பருந்து வானத்தில் வட்டமிட்டால், கண்ணை அதன்மேலேயே வைத்துக் கழுத்தையும் கூடவே திருப்புவாள். "கண்ணாலேயே அவனைக் கட்டிப்போட்டிருக்கேன்" என்பாள். பருந்தும் மேலிருந்து, "அப்படியே என்னையே பாத்துக்கிட்டு இரு, தாயி" என்று கொஞ்சும்.

பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். பருந்து மிதந்து மிதந்து மெதுவாக வருவதுபோலத்தான் இருக்கும். இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைப்பாள். அதற்குள் ஒரு குஞ்சு போயிருக்கும். இப்படியே போய்ப்போய், கடைசியில் ஒரே ஒரு குஞ்சுதான் மிஞ்சியது.

"நீ கண்ணை எடுத்திருப்பே" என்றது சேவல்.

"இமைக்கக்கூட இல்லையே, நான் என்ன செய்வேன்" என்று அழுதாள்.

ஒருநாள் சிந்திக் கிடந்த கம்புக்கு ஆசைப்பட்டு, வேலியின் மூங்கில் படலுக்குள் தலையை நுழைத்தாள். வசமாக மாட்டிக்கொண்டது. இந்தப் பக்கமும் திரும்ப முடியவில்லை, அந்தப் பக்கமும் திரும்ப முடியவில்லை. கண்ணெதிரே ஒரு பனைமரம் மட்டும் தெரிந்தது. அந்த நேரம் பார்த்துப் பருந்து பனையைக் கடந்தது. சர்ரென்று போயே போய்விட்டது.

"அடப்பாவி, நீ இவ்வளவு வேகமா!"

என் கண்ணையும் அவன்கூடவே ஓடவிட்டேனே, அதனால்தானே அவன் ஓட்டம் தெரியாமல் போச்சு என்று பொறிச்சிக்குப் புரிந்துவிட்டது. இறகு பிய்ந்தாலும் சரி என்று தலையை உருவிக்கொண்டு குஞ்சிடம் ஓடினாள்.

பருந்து திரும்பி வந்தது. "எங்கே பாக்குறே தாயி? என்னைப் பாரு."

அவள் பார்க்கவில்லை. பனை உச்சியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பருந்து உச்சியைத் தாண்டிய அந்த நொடியே கத்தினாள். குஞ்சு இறக்கைக்குள் பாய்ந்தது. பருந்தின் நகத்தில் மண்தான் ஒட்டியது.

சரி, குஞ்சு பிழைத்தது. மேய வேண்டாமா? நடந்தால் தலை நகர்ந்தது, பனையும் சேர்ந்து நகர்வதுபோல் எல்லாம் குழம்பியது. பொறிச்சி ஒரு காரியம் செய்தாள். தலையை இருந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு, உடம்பை மட்டும் முன்னால் நடத்தினாள். பிறகு தலையை வெடுக்கென்று முன்னே தள்ளி, மறுபடியும் நிறுத்தினாள்.

சேவல் விழுந்து விழுந்து சிரித்தது.

"நல்லா சிரிச்சுக்கோ. என் பிள்ளை உசுரோட இருக்கு" என்றாள் பொறிச்சி.

மறுநாள் சேவலும் அப்படித்தான் நடந்தது. அன்று பிடித்த அந்த வெடுக் நடையை இன்றுவரை எந்தக் கோழியும் விடவில்லை. அந்த ஒற்றைக் குஞ்சின் பிள்ளைகள்தானே இன்றைக்கு நம் வாசலில் மேய்கிற அத்தனையும்.