நனையாமல் பிழைத்த கருவி

ஒரு மூன்றாம் வகுப்பு மேசையில் ஸ்பாஞ்சும் பருத்தித் துண்டும் பாலித்தீன் தாளும் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தன. எது தண்ணீரை உறிஞ்சும், எது உறிஞ்சாது என்று அன்றைக்குப் பாடம்.

அபிதா முன்னால் வந்தாள். காதுக்கருவி நனைந்துவிடக் கூடாதே என்று அதைக் கழற்றி மேசையோரம் வைத்தாள். மேசைமேலிருந்த தண்ணீர்ப் பேசினிலிருந்து கரண்டியால் தண்ணீர் மொண்டு ஒவ்வொன்றின்மேலும் ஊற்றினாள்.

ஸ்பாஞ்சு மடமடவென்று குடித்து, இன்னும் கேட்டது. துண்டு கொஞ்சம் நிதானமாகக் குடித்தது. பாலித்தீன் தாளின்மேல் விழுந்ததோ அப்படியே வழிந்து ஓடிவிட்டது.

"இது பெயில்," என்று பக்கத்தில் நின்ற இசக்கிராஜ் அதை உதறிப் போட்டான். தாள் காதுக்கருவியின்மேல் போய் விழுந்தது.

"தெரியாம விழுந்துட்டேன்," என்றது தாள். "எனக்குள்ள ஒரு சொட்டுகூட இறங்கல. அதான் தள்ளிவிட்டுட்டாங்க."

"எனக்குள்ள ஒரு சொட்டு இறங்கினா நான் ஊமையாயிடுவேன்," என்றது கருவி. "அந்தப் பொண்ணுக்கு அப்புறம் எதுவும் கேக்காது. என்னை வாங்கவே அவங்க வீட்டுல ரெண்டு வருஷம் அலைஞ்சாங்க."

அதற்குள் இசக்கிராஜின் முழங்கை இடித்துப் பேசின் கவிழ்ந்தது. தண்ணீர் எகிறித் தாளின்மேல் அடித்தது. மீதி மேசையில் பரவி ஓடிவந்தது.

"குடிங்கண்ணே, சீக்கிரம்," என்றது துண்டு.

"முடியல தம்பி," என்றது ஸ்பாஞ்சு. "கழுத்து வரைக்கும் நிறைஞ்சு நிக்கறேன்."

துண்டு வழியை மறித்துப் படுத்து, முடிந்த மட்டும் குடித்தது. ரோஸ்லின் டீச்சர் ஓடிவந்து ஸ்பாஞ்சை வாளியில் பிழிந்தார். வயிறு காலியானதும் அது திரும்பி வந்து, துண்டைத் தாண்டவிருந்த தண்ணீரையெல்லாம் இழுத்துக்கொண்டது. தாள் அசையவில்லை. தன்மேல் தேங்கிய தண்ணீரைக் கீழே விடாமல் தாங்கிக்கொண்டு கிடந்தது.

டீச்சர் தாளை மெல்லத் தூக்கினார். அடியில் கருவி பொட்டு ஈரமில்லாமல் இருந்தது. இசக்கிராஜ் அழுதேவிட்டான்.

அபிதா கருவியை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். டீச்சர் அவளுக்குப் பின்னாலிருந்து, மிகத் தணிந்த குரலில், "அபிதா, கேக்குதா?" என்றார்.

அவள் திரும்பிப் பார்க்காமலே, "கேக்குது டீச்சர்," என்றாள்.